பழைய பிளக்கும் நாச்சிமுத்துவின் பெயரும்

ஒர்க்ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஸ்பார்க் பிளக்கைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுத என்ன இருக்கிறது? மேனுவலைத் திறந்தால் படத்தோடு போட்டிருக்கிறார்கள். முனை தேயும், இடைவெளி கூடும், கரி பிடிக்கும், இத்தனை தூரம் ஓடியதும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும். கை பழகிவிட்டால் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்துவிடலாம். பிளக் இதுவரைக்கும் என்னை ஏமாற்றியதில்லை. அதைச் சுற்றி நிற்கும் மனிதர்கள்தான் என் ரத்தக் கொதிப்புக்குக் காரணம். அதனால் அவர்களைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் மேனுவலைப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது பீளமேட்டில், அவினாசி ரோட்டின் மேலேயே இருந்த ஒரு கார் ஒர்க்ஷாப்பில். தொண்ணூறுகளில் அங்கே நான் சூப்பர்வைசர். வண்டி உள்ளே வந்ததும் என்ன குறை என்று கேட்பது, மெக்கானிக்குகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது, முடிந்ததும் ஓட்டிப் பார்த்து வண்டியை ஒப்படைப்பது, எல்லாம் என் பொறுப்பு. இன்றைக்கு நீங்கள் ஒரு கருவியை மாட்டினால் எந்த சிலிண்டரில் கோளாறு என்று அது திரையில் எழுதிக் காட்டுகிறது. அன்றைக்கு அது கிடையாது. அதற்காக அந்தக் காலம் அருமையான காலம் என்று கதைவிடப் போவதில்லை. அந்தக் கருவி அப்போதே என் கையில் இருந்திருந்தால் தலையில் இன்னும் கொஞ்சம் முடி மிஞ்சியிருக்கும்.

எங்கள் கொங்குச் சீமையின் மரியாதையை வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் கார் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்ததில்லை. பிரேக் பிடிக்காத வண்டியைத் தட்டுத்தடுமாறிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பெருசா ஒண்ணுமில்லீங்க, சும்மா ஒருக்கா பார்த்துட்டாத் தேவலைங்க" என்பார்கள். வண்டி இழுக்கிறதா என்று கேட்டால் "பரவால்லீங்க". சத்தம் வருகிறதா என்று கேட்டால் "அப்படி ஒண்ணும் இல்லீங்க". குறை சொன்னால் எதிரில் இருப்பவர் மனம் நோகுமாம். என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டு என் மண்டையை உடைத்தார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கழற்றிய பழைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். புதிதாக மாற்றியதற்கு அதுதான் சாட்சி. இதுவரை சரி. ஆனால் கவர் வீட்டுக்குப் போனதும் அந்தச் சாமான்களுக்கு அடுத்த பிறவி தொடங்கிவிடும். தேய்ந்த பிளக்கைக் கயிற்றில் கட்டிக் கொத்தனாருக்குத் தூக்குக்குண்டாகக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். அவர் கட்டிய சுவர் நேராகத்தான் இருந்தது. அவரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. என் புகாரெல்லாம் காங்கேயத்து மில்காரரைப் பற்றி.

அவருக்குக் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் வாடா போடா என்று கூப்பிடமாட்டார். எங்கள் ஒர்க்ஷாப்பில் தரை கூட்டுகிற அம்மாவைக்கூட "அம்மணி, கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, கால்ல எண்ணெய் ஒட்டிக்கப் போவுது" என்பார். ஒரு சின்ன வெள்ளைக் கார் வைத்திருந்தார். வாங்கி வருடக்கணக்காகியும் சீட்டின் மேல் கம்பெனியில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. சித்திரை வெயிலில் அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் முதுகு வெந்துவிடும். பிரித்தால் சீட் அழுக்காகிவிடுமே என்பார். அழுக்காகாத சீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்காக அவரும் குடும்பமும் பிளாஸ்டிக் மேல் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டியது நாச்சிமுத்து. கார் வருவதற்கு முன்னால் மில்லின் லாரியை ஓட்டியவர். மில்காரரின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு வந்து, கைத்தாங்கலாக ஏற்றி இறக்கியவரும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். வண்டியை நிறுத்தினால் நேராக, கோடு போட்ட மாதிரி நிறுத்துவார். அதிலேயே எனக்கு அவர்மேல் ஒரு பிரியம்.

ஆனி கடைசியில் ஒருநாள் இரண்டு பேரும் வந்தார்கள். மில்காரர் என்னைத் தனியாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏனுங்க, இந்த வண்டி முந்தி டேங்க் ரொப்புனா கோயமுத்தூருக்கு மூணு நடை வந்துட்டுப் போவுமுங்க. இப்ப மூணாவது நடையில பாதி வழியிலயே முள்ளு கீழ வந்துருதுங்க."

"எப்ப இருந்துங்க?"

"கொஞ்ச நாளா. பெட்ரோல் எங்கதான் போவுதோ தெரீலீங்க."

சொல்லிவிட்டு அவர் நாச்சிமுத்து நிற்கிற பக்கம் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வைக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். டேங்கில் குழாய் விட்டு உறிஞ்சி விற்கிற டிரைவர்களும் அப்போது இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிளக்குகளைக் கழற்றினேன். நான்கும் தேய்ந்திருந்தன. நடு முனை சதுரமாக விளிம்போடு இருக்கவேண்டும். கரைந்து சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி உருண்டுவிட்டிருந்தது. இடைவெளி இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு. இப்படி இருந்தால் சில நேரம் பொறி வராது, உள்ளே போன பெட்ரோல் எரியாமலே வெளியே போகும். வண்டி இழுக்காது, டிரைவர் இன்னும் அழுத்துவார், பெட்ரோல் இன்னும் போகும். மில்காரரிடம் காட்டினேன். அவர் ஒரு பிளக்கை வாங்கி வயரில் மாட்டி, இன்ஜின்மேல் படுக்க வைத்து, மெக்கானிக்கைச் சாவி போடச் சொன்னார். நீலமாகப் பொறி பறந்தது.

"பத்துதுல்லங்க?" என்றார். "பொறவு எதுக்குங்க மாத்தோணும்?"

இந்தக் கேள்வியை நான் என் வாழ்நாளில் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நீங்களும் கேட்பீர்கள். அதனால் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வெளியே காற்றாடக் கிடக்கும்போது தேய்ந்த பிளக்கும் பொறி விடும். இன்ஜினுக்குள்ளே காற்றும் பெட்ரோலும் நசுக்கி அடைக்கப்பட்டிருக்கும்போது, அதுவும் வண்டி பாரம் இழுக்கும்போது, அவ்வளவு அகல இடைவெளியைப் பொறியால் தாண்ட முடியாது. அவரிடம் சொன்னது இப்படி: "தீக்குச்சி ஊட்டுக்குள்ள நல்லாப் பத்துமுங்க. உங்க ஊர் ஆடிக்காத்துல நடுத்தோட்டத்துல நின்னு பத்த வெச்சுப் பாருங்க."

"நல்லாச் சொன்னீங்க" என்று சிரித்தார். மாற்றச் சொன்னார். மாற்றினோம். பழைய நான்கையும் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தோம். நானே வண்டியை ஓட்டிப் பார்த்தேன். சொன்னபடி கேட்டது. இனிமேல் மூன்று நடையும் வரும் என்று சொல்லி அனுப்பினேன். நாச்சிமுத்து எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு கொஞ்சம் பெரியதாக இருந்தது.

ஆடி முடியப் போகிற சமயத்தில் திரும்பவும் வந்தார்கள். இந்த முறை பெட்ரோல் டேங்க் மூடிக்குப் புதிதாக ஒரு பூட்டு. சாவி மில்காரரின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பெட்ரோல் பங்கில் அவரே இறங்கி, பூட்டைத் திறந்து, பக்கத்தில் நின்று பெட்ரோல் போடச் சொல்கிறாராம். இதையெல்லாம் அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் மெதுவான குரலில் சொன்னார்.

"பூட்டுப் போட்டும் அப்படியேதானுங்க இருக்குது. கள்ளச்சாவி கிள்ளச்சாவி இருக்குமோ என்னமோ, நாம ஒண்ணும் சொல்லப்படாதுங்க. நீங்க பிளக்கெல்லாம் புதுசு மாத்திக் குடுத்தீங்க. வண்டியில குறையில்லைன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப்போடுங்க. மேக்கொண்டு நான் பார்த்துக்கறனுங்க."

அந்த ஒரு வார்த்தை என்ன என்று கவனியுங்கள். பூட்டுப் போட்டும் பெட்ரோல் போகிறது என்றால், பூட்டில்லாத இடத்தில் போகிறது என்று யோசிக்கலாம். அவர் அப்படி யோசிக்கவில்லை. கள்ளச்சாவி என்று யோசித்தார். வண்டியில் குறை இல்லை என்று நான் சொன்னால் நாச்சிமுத்து திருடன் என்று நான் சொன்னதாக அர்த்தம். அவர் வாயால் சொல்லமாட்டார். என் வாயால் சொல்ல வைப்பார். அப்புறம் நாச்சிமுத்துவை மரியாதையாக, கையில் சம்பளத்தைக் கொடுத்து, "கொஞ்ச நாள் ஓய்வா இருப்பா" என்று அனுப்பிவிடுவார். காங்கேயத்தில் மில்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், இல்லாவிட்டால் பழக்கம். பெட்ரோல் எடுக்கிறவன் என்று பெயர் வந்தால் அந்த வட்டாரத்தில் ஒருத்தரும் அந்த ஆளைச் சீட்டில் உட்கார வைக்கமாட்டார்கள்.

எங்கள் ஓனர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அவருக்குச் சங்கதி தெரிந்துவிட்டிருந்தது.

"ஏப்பா, நாம இப்பத்தான் சர்வீஸ் செஞ்சு குடுத்திருக்கறோம். மறுபடியும் பிளக்குல குறைன்னா நம்ம கடை பேரு என்னாகறது? வண்டி நல்லா இருக்குதுன்னு சொல்லி அனுப்பு. அவங்க ஊட்டு விவகாரம் நமக்கெதுக்கு?"

"ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றனுங்க."

"என்னத்த ஓட்டிப் பார்க்கறது? நீதானே போன தடவ ஓட்டிப் பார்த்த."

எரிச்சலாக வந்தது. இந்தத் தொழிலில் எல்லா ஒர்க்ஷாப்பிலும் உள்ள வியாதி இது. போன வாரம் நாமே மாட்டிய சாமானை இந்த வாரம் திறந்து பார்க்கமாட்டோம். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் போடுவோம். பிள்ளைகளே, ஒரு வண்டி திரும்பி வந்தால் கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் திறங்கள். உங்கள் கையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் திறங்கள். ஓனர் முறைத்தால் முறைக்கட்டும், உங்கள் கையில் ஸ்பேனர் இருக்கிறது.

நாச்சிமுத்துவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவினாசி ரோட்டில் வண்டியை எடுத்தேன். விமான நிலையம் வரைக்கும் போகவேண்டியதே இல்லை. டாப் கியரில் அழுத்தினதுமே வண்டி விக்கியது. இரண்டு முறை வெட்டி இழுத்தது. புதுப் பிளக் போட்ட வண்டி செய்கிற வேலையே இல்லை.

"எத்தனை நாளா இப்படி இழுக்குது?" என்று கேட்டேன்.

"பரவால்லீங்க."

"பரவால்லையா? வண்டி விக்கிச் சாகுது, உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்க. நாஞ் சொன்னா, சாக்குச் சொல்றான்னுதானுங்க நெனைப்பாங்க."

நான் ஒர்க்ஷாப் வாசலில் திருப்பும்போது, அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வண்டி நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. எம்மவளுக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காங்கேயத்துலதான் இருக்கறாங்க. கண்ணாலம் வரைக்கும் பேச்சு வந்திருக்குது. இந்தப் பேரோட நான் அவுங்க முன்னால போயி எப்படிங்க உக்காருவேன்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு இந்த மனிதன் பரவாயில்லை என்கிறானே என்று.

வண்டியை நடுவில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். மில்காரரைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். ஓனரும் வந்து நின்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. முதல் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.

பழைய பிளக். உருண்டு தேய்ந்த முனை. கரி மட்டும் இல்லை. யாரோ எமரி பேப்பரில் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, வெள்ளிக் கொலுசு மாதிரிப் பளபளக்க வைத்திருந்தார்கள். மற்ற மூன்றையும் கழற்றினேன். அதே கோலம். நான் கவரில் போட்டுக் கொடுத்த அதே நான்கு.

"இது என்னங்க?" என்று மில்காரரிடம் நீட்டினேன்.

அவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "பழசுதானுங்க. நல்லாத் தேச்சுக் குடுத்தான் நம்ம மில் பிட்டர். பத்துதான்னு பார்த்துட்டுத்தான் மாட்டுனோமுங்க. ஜம்முனு பத்துச்சு."

"நான் போட்ட புதுசு எங்கீங்க?"

"ஊட்டுல பீரோவுல பத்திரமா இருக்குதுங்க. நீங்க மாட்டிக் குடுத்து ரெண்டு நாள்ல ஆடி பொறந்துருச்சுங்களே. ஆடி மாசத்துல புதுசு எதுக்குங்க ஓட்டோணும்னு ஊட்டுல சொன்னாங்க. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பார்த்து மாட்டிக்கலாம்னு கழட்டி வெச்சுப்போட்டோமுங்க."

பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கிரீஸ் டப்பாவைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், வீடு குடிபோகமாட்டார்கள், தெரியும். ஸ்பார்க் பிளக்குக்கும் நாள் பார்ப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இதை வந்ததும் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"இதுல சொல்றதுக்கு என்னங்க இருக்குது? நீங்க கேக்கலீங்களே."

நாச்சிமுத்து பக்கம் திரும்பினேன். "பிளக்கைக் கழட்டும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதானுங்க. நாந்தானுங்க பானெட்டைத் தூக்கிப் பிடிச்சேன்."

"அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்லலை? உங்க பேரு போயிட்டிருக்குது, வாயத் தொறந்தா முடிஞ்சுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முதலாளி ஊட்டுல செஞ்சத நான் வெளியில ஒருத்தருகிட்ட எப்படிங்க சொல்றது?"

என் தலையைக் கொண்டுபோய் அந்தப் பானெட்டிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. திருடன் என்று சொல்வது மரியாதை இல்லை என்று ஒருவர் சொல்லாமலே திருடனாக்குகிறார். முதலாளியைக் காட்டிக்கொடுப்பது மரியாதை இல்லை என்று இன்னொருவர் சொல்லாமலே திருடனாகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான்கு பிளக்குகள் பொறிவிட முடியாமல் திணறுகின்றன. எல்லோரும் அவ்வளவு நல்லவர்கள். அந்த வண்டியில் பொய் சொல்லாத ஒரே ஆள் பெட்ரோல் முள்தான்.

சத்தமாகவே சொன்னேன். ஓனர் கண்ணால் ஜாடை காட்டியும் நிறுத்தவில்லை. "பெட்ரோல் எங்கயும் போகலீங்க. உங்க சைலன்சர் வழியாப் புகையாப் போச்சு. பூட்டுப் போடவேண்டியது டேங்குக்கு இல்லீங்க, உங்க பீரோவுக்கு."

புதிதாக நான்கு பிளக் மாட்டச் சொன்னேன். அதற்கும் தகராறு. வாங்கியதுதான் வீட்டில் இருக்கிறதே என்றார் மில்காரர். ஆவணி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தானே என்றார். புதிது போடாமல் வண்டி வாசலைத் தாண்டாது என்றேன். "செரிங்க, நீங்க சொன்னா செரிதானுங்க" என்றார், ரொம்ப மரியாதையாக. மாட்டினோம். ஓட்டிப் பார்த்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்து சாவியை நாச்சிமுத்துவிடம் கொடுத்தேன். மில்காரர் திருப்தியாக வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறப் போனார். என் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

நாச்சிமுத்து அசையவில்லை.

"முதலாளிங்க, ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"என்னப்பா?"

"நான் பெட்ரோல் எடுக்கலைன்னுங்க."

மில்காரர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் உன்னைய எப்பப்பா அப்படிச் சொன்னேன்? ஒரு நாளாச்சும் வாயால சொல்லியிருக்கறனா? கேளு, இவரையே கேளு."

"சொல்லலீங்க. சொல்லியிருந்தா நானும் இல்லைன்னு சொல்லியிருப்பனுங்க. சொல்லாமயே பூட்டுப் போட்டீங்க, பங்குல எறங்கி நின்னீங்க. மில்லுல எல்லாருக்கும் தெரியுமுங்க. எம்பட ஊட்டுலயும் தெரியுமுங்க. அதுதான், இப்ப வாயால சொல்லுங்கன்னு கேக்கறனுங்க."

"செரி செரி, போற வழியில பேசிக்கலாம். வண்டிய எடு."

நாச்சிமுத்து சாவியைப் பானெட்டின் மேல் வைத்தார். வேகமாக வைக்கவில்லை. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் பஸ்ஸுல வாரனுங்க" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றார். அங்கே பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

இப்போது பாருங்கள். வண்டி நன்றாக இருக்கிறது. பிளக் புதிது. டேங்க் நிறையப் பெட்ரோல், பூட்டுப் போட்டு. முதலாளி பின் சீட்டில், பிளாஸ்டிக் மேல். ஓட்ட ஆள் இல்லை. அவர் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் இறங்கி என்னிடம் வந்தார்.

"நீங்க ஒருக்கா போயி அவனுக்குச் சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பான். பாவமுங்க, கோவக்காரனில்லீங்க."

எங்கள் ஓனரும் சேர்ந்துகொண்டார். "போயிட்டு வாப்பா. ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிட்டு வா. கஸ்டமருங்க."

என் சர்வீஸில் நிறையப் பேருக்காக நிறைய வார்த்தை பேசியிருக்கிறேன். நடுவில் நின்று சமாதானம் பண்ணுவதில் எங்கள் ஊரில் எல்லோருமே கெட்டிக்காரர்கள். இரண்டு பேரும் சொல்லவேண்டியதை மூன்றாவது ஆள் சொல்லிவிடுவார், சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். அன்றைக்கு எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று பட்டது. நான் போனால் நாச்சிமுத்து வந்துவிடுவார். என் முகத்துக்காக வருவார். பெயர் மட்டும் அந்த நிறுத்தத்திலேயே நின்றுவிடும்.

"நான் வரலீங்க" என்றேன். "பிளக்கு மாத்தறது எம்பட வேலை, மாத்திட்டேன். இது உங்க வேலைங்க."

மில்காரர் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி யாரும் அவரிடம் பேசியதில்லை என்று நினைக்கிறேன். ரோட்டைக் கடந்து போனார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தோம், ஓனர் உட்பட.

அவர் நாச்சிமுத்து பக்கத்தில் போய் நின்று ஏதோ மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அதே நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. பழைய பஸ். அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நாச்சிமுத்து ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, கையைக் காதருகே வைத்து ஏதோ கேட்டார். மில்காரர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். நாச்சிமுத்து தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. கண்டக்டர் விசில் ஊதினார். மில்காரர் பயந்துபோய் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அவர் கத்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"நீ பெட்ரோல் எடுக்கலப்பா. நாந்தான் தப்பா நெனச்சுப்போட்டேன். நீ எடுக்கல."

அந்தக் கடைசி வார்த்தை வருவதற்குள் பஸ் புறப்பட்டுப் போய்விட்டது. ரோடு அமைதியாகிவிட்டது. நிறுத்தத்தில் இருந்த அத்தனை கல்லூரிப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வாசலில் நின்ற எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. நாச்சிமுத்து பஸ்ஸில் ஏறியிருக்கவில்லை. கீழேதான் நின்றுகொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து வந்தார்கள்.

நாச்சிமுத்து சாவியை எடுத்தார். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்தார். வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, என் ஸ்பேனரை வாங்கி, நான்கு பிளக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். புதுசுதானா என்று எல்லோர் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்து, திரும்ப மாட்டினார். முடிகிற வரைக்கும் பானெட்டை மில்காரர் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.